சிலந்திப் பேனும் வேப்பங்கொட்டையும்

மாசி பிறந்து வெயில் உறைக்கத் தொடங்கியதும் எங்கள் கருங்கல் வட்டாரத்து மரச்சீனி விளைகளில் ஒரு மாற்றம் தென்படும். அதுவரை கரும்பச்சையாக விரிந்திருந்த இலைகளில், முதலில் நரம்பை ஒட்டி வெளிறிய புள்ளிகள் தோன்றும். பிறகு இலை முழுவதும் சாம்பல் பூசினாற்போல் ஆகும். பங்குனி முடிவதற்குள் அடியிலைகள் பழுத்து உதிர்ந்து, தண்டு மட்டும் நெடிதாக நிற்கும். வெயிலின் கொடுமை என்று பலர் நினைத்துக்கொள்வர். அப்படி ஓர் இலையைப் பறித்து, வெள்ளைத் தாளின் மேல் பிடித்து விரலால் தட்டிப் பாருங்கள். மிளகாய்த் தூள் உதிர்ந்தது போல் சில செம்புள்ளிகள் விழும். சற்றுப் பொறுத்தால் அப்புள்ளிகள் நடக்கத் தொடங்கும். அவையே சிலந்திப் பேன்கள்.

பூச்சி என்று வழக்கில் சொன்னாலும் இது பூச்சியினத்தைச் சேர்ந்ததன்று. பூச்சிக்கு ஆறு கால். வளர்ந்த சிலந்திப் பேனுக்கு எட்டு. சிலந்திக்கும் மாட்டு உண்ணிக்கும் இது சிற்றுறவு. ஒரு மில்லிமீட்டரில் பாதி நீளங்கூட இராது. இலையின் அடிப்புறத்தில் மெல்லிய நூலாம்படை பின்னி, அதனுள் இருந்துகொண்டு, ஊசி போன்ற வாயால் இலையின் உயிரணுக்களை ஒவ்வொன்றாகக் குத்தி உறிஞ்சும். நல்ல வெயிற்காலத்தில் முட்டையிலிருந்து முழு வளர்ச்சி பெற ஒரு வாரம் போதும். ஒரு பெண் பேன் தன் வாழ்நாளில் நூறு முட்டைக்குக் குறையாமல் இடும். கணக்குத் தெரிந்த மாணவர்கள் இரண்டு மாதக் கோடையில் என்ன ஆகும் என்று தாங்களே பெருக்கிப் பார்த்துக்கொள்ளலாம்.

மரச்சீனி நம் நாட்டுச் செடியன்று. தென் அமெரிக்காவில் தோன்றியது. 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா அதை மக்களிடையே பரப்பினார். கன்னியாகுமரி மாவட்டம் 1956 நவம்பர் முதல் நாள் வரை திருவிதாங்கூரோடும், பின்னர் அதிலிருந்து எழுந்த இராச்சியத்தோடும் சேர்ந்திருந்தமையால், அந்தக் கிழங்கு எங்கள் அடுப்பிலும் இடம் பிடித்துக்கொண்டது. இச்செடியின் இலையிலும் தோலிலும் சயனைடு நஞ்சை வெளிவிடும் பொருள் உண்டு. கயிறு அறுத்துக்கொண்டு விளைக்குள் புகுந்து பச்சையிலையை வயிறு முட்டத் தின்ற ஆடு சாவதை எங்கள் ஊரில் காணாதவர் குறைவு. ஆட்டைக் கொல்லும் அந்த இலையை, கண்ணுக்குத் தெரியாத இந்தப் பேன் மட்டும் உண்டு கொழுக்கிறது!

இது ஒரு செடியோடு நின்றுவிடும் திறமையன்று. இரட்டைப் புள்ளிச் சிலந்திப் பேன் என்று உலகெங்கும் அறியப்பட்ட இனம் 1,100க்கும் மேற்பட்ட செடி வகைகளில் வாழ்வதாக அறிஞர்கள் கணக்கிட்டிருக்கின்றனர். 2011இல் அதன் மரபணுத் தொகுதி முழுவதையும் படித்தபோது, நஞ்சுகளைச் சிதைத்துச் செரிக்கும் ஆற்றலுக்கான மரபணுக்கள் அதில் மிகுந்து கிடப்பதைக் கண்டார்கள். தொண்ணூறுக்கும் மேற்பட்ட செயற்கை மருந்துகளை அது ஏதேனும் ஓரிடத்தில் எதிர்த்து வென்றிருக்கிறது. செடிகளின் நஞ்சையெல்லாம் உண்டு பழகிய இந்தச் சீவனை, ஒரு மரத்தின் கொட்டையை இடித்து ஊறவைத்த நீர் எவ்வாறு அடக்குகிறது? இக்கேள்விக்கு விடை தேடப் புகுந்தால் கடந்த நூறாண்டு வேளாண்மை வரலாற்றின் பெரும் பகுதியைத் தொட்டுச் செல்ல நேரிடும்.

தாவரச் சாறு கொண்டு பயிர் காப்பது புதிதன்று. ஐரோப்பாவில் 1690 அளவிலேயே பிரெஞ்சுத் தோட்டக்காரர்கள் புகையிலை ஊறிய நீரைச் செடிகளுக்குத் தெளித்தனர். அந்தப் புகையிலையிலிருந்து நிகோட்டின் என்னும் பொருளை 1828இல் ஜெர்மனியின் ஹைடல்பர்க் நகரில் பிரித்தெடுத்தார்கள். எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் ஹைடல்பர்க்கைக் கேள்விப்படாமலே புகையிலைக் கஷாயம் செய்துவந்தனர். புகையிலைக் காம்பை ஒரு நாள் ஊறவைத்துப் பிழிந்து, பார் சோப்பைக் கரைத்துச் சேர்த்து, நீர் விட்டுப் பெருக்கிப் பயற்றங்கொடியின் மேல் தெளிப்பார்கள். அசுவினி சுருண்டு விழும். ஆனால் சிலந்திப் பேனை அது பெரிதாக அசைப்பதில்லை. மேலும், நிகோட்டின் கொடிய நஞ்சு. தோல் வழியாகவே உடலில் ஏறும். கஷாயம் கலக்கிய கையோடு வெற்றிலை மடித்துப் போட்டுத் தலைசுற்றிப் படுத்த உறவினர் ஒருவரைச் சிறுவயதில் பார்த்திருக்கிறேன். தென் அமெரிக்காவிலும் மலேயாவிலும் சில கொடிகளின் வேரை நசுக்கி ஆற்றில் விட்டு மீன் பிடிப்பார்கள். அந்த வேரின் ரோட்டினோன் என்னும் பொருளும் ஒரு காலத்தில் பூச்சிமருந்தாக விலைபோயிற்று. செடியிலிருந்து வந்தது என்ற ஒரே காரணத்தால் ஒரு பொருள் தீங்கற்றதாகிவிடாது. இதை மாணவர்கள் மனத்தில் இருத்திக்கொண்டு மேலே கேட்க வேண்டும்.

அக்காலத்தில் சிலந்திப் பேன் உலகின் பெரும்பாலான பயிர்களில் சில்லறைத் தொல்லையே. தேயிலையில் அதன் தொல்லை பெரிதுதான். அசாமில் 1868இலேயே கண்டிருக்கிறார்கள். மற்றப் பயிர்களில் கந்தகத் தூளும் கோடை மழையும் போதுமாயிருந்தன. அதைப் பெரும் பகையாக வளர்த்துவிட்டவர்கள் நாமேதான்.

1939இல் சுவிட்சர்லாந்தில் பால் முல்லர், டி.டி.டி. என்னும் பொருளின் பூச்சிகொல்லும் ஆற்றலைக் கண்டறிந்தார். 1948இல் அதற்காக நோபல் பரிசு பெற்றார். மலேரியாவை ஒடுக்க அம்மருந்து செய்த தொண்டை யாரும் மறுக்க இயலாது. ஆனால் வயலிலும் காட்டிலும் அதைக் கொட்டியபோது எதிர்பாராதது நிகழ்ந்தது. 1956இல் அமெரிக்க வனத்துறை, ஊசியிலை மரங்களை அரிக்கும் ஒரு புழுவை ஒழிக்க ஏறத்தாழ 885,000 ஏக்கர் காட்டில் டி.டி.டி. தூவியது. மறு கோடையில் விமானத்திலிருந்து பார்த்தவர்களுக்குக் காடு பரப்புப் பரப்பாகப் பழுப்பேறிக் கிடந்தது தெரிந்தது. சிலந்திப் பேனின் வேலை! ரேச்சல் கார்சன் அம்மையார் 1962இல் வெளியிட்ட ‘மௌன வசந்தம்’ நூலில் இந்நிகழ்ச்சியை விரித்துரைக்கிறார். சிலந்திப் பேனைத் தின்னும் உயிர்கள் பல உண்டு. கடுகினும் சிறிய ஒரு கறுப்புப் பொறிவண்டும், வேகமாக ஓடும் வேட்டைப் பேன்களும் அவற்றுள் முக்கியமானவை. டி.டி.டி. அவற்றை மாய்த்தது, நூலாம்படைக்குள் இருந்த சிலந்திப் பேனை மாய்க்கவில்லை. காவலர் இல்லாத ஊரில் திருடர் பெருகியது போலாயிற்று. போதாக்குறைக்கு, சில மருந்துகள் பட்ட பேன்கள் முன்னிலும் அதிகமாக முட்டையிட்டதாகவும் பின்னர் கண்டார்கள்.

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொண்டது பின்னால். முதலில் தெரிந்துகொண்டது ஒரு பள்ளித் தோட்டத்தில். 1990ஆம் ஆண்டுகளின் நடுவில் என்று நினைவு. அறிவியல் ஆசிரியனான என் பொறுப்பில் இரண்டு வெண்டைப் பாத்திகள் இருந்தன. தத்துப்பூச்சி கண்டதும் கடைக்காரர் ஒருவர் கொடுத்த புதுமருந்தை, கிணற்றை ஒட்டிய பாத்தியை விட்டுவிட்டு, மற்றதில் மட்டும் அடித்தேன். மருந்து அவ்வளவுதான் இருந்தது. தத்துப்பூச்சி மறைந்தது, பெருமையோடு அதை வகுப்பிலும் சொன்னேன். மூன்றாம் வாரம் மருந்தடித்த பாத்தியின் இலைகள் செம்பு நிறமாகி, நூலாம்படை மூடிக்கொண்டன. மறுபடி அதே மருந்தை அடித்தேன். ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன், சிறிது தயங்கி, “சாரே, மருந்து அடிக்காத பாத்தியில ஒண்ணும் இல்லியே” என்றான். நான் அவனை அதட்டி உட்கார வைத்தேன். பத்து நாளில் பாத்தியைப் பிடுங்கி எறிந்தோம். கிணற்றடிப் பாத்தி ஓணம் வரை காய்த்தது. பையன் பார்த்ததை ஆசிரியன் பார்க்கவில்லை. பின்னர் ஒருநாள் வகுப்பில் அதை ஒப்புக்கொண்டேன்; சற்றுக் காலம் தாழ்த்தித்தான்.

வேம்புக்கு வருவோம். ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டிக் கிழக்கே போனால் வறண்ட நிலத்தில் வேம்பு செழித்து நிற்கும். மழை மிகுந்த எங்கள் மேற்குப் பகுதியில் அவ்வளவு இல்லை. எங்களுக்கு வேப்பெண்ணெய் பெரும்பாலும் கிழக்கிலிருந்து வரும் சரக்கு. தானியப் பெட்டியில் வேப்பிலை இடுவது தமிழ்நாடெங்கும் உள்ள பழக்கம். விஞ்ஞானிகள் அதைத் தீவிரமாக எடுத்துக்கொண்டது இருபதாம் நூற்றாண்டில். சலிமுஸ்ஸமான் சித்திக்கி 1942இல் வேப்பெண்ணெயிலிருந்து நிம்பின் முதலிய கசப்புப் பொருள்களைப் பிரித்தார். 1959இல் சூடான் நாட்டில் வெட்டுக்கிளிப் படை இறங்கி எல்லாப் பசுமையையும் மொட்டையடித்தபோது, வேப்பமரங்கள் மட்டும் தழைத்து நின்றதை ஹைன்ரிக் ஷ்முட்டரர் என்ற ஜெர்மானியர் கண்டார். 1962இல் டில்லியில் பிரதான் என்ற பூச்சியியல் அறிஞரும் அவருடைய தோழர்களும், வேப்பம் பருப்பை நீரில் கரைத்துத் தெளித்த பயிரை வெட்டுக்கிளிகள் தொட மறுத்ததைக் காட்டினர். 1968இல் இங்கிலாந்தின் கீல் பல்கலைக்கழகத்தில் பட்டர்வொர்த், மார்கன் என்ற இருவர் அதற்குக் காரணமான முக்கியப் பொருளைத் தனியே எடுத்தனர். வேம்பின் பாரசீகப் பெயரான ‘ஆசாத் திரக்த்’ என்பதையொட்டி அசாடிராக்டின் என்று அதற்குப் பெயர். அதன் மூலக்கூற்று அமைப்பைத் தெளிவாக அறிய 1980களின் பிற்பாதி ஆயிற்று. கேம்பிரிட்ஜில் ஒரு குழு இருபத்திரண்டு ஆண்டு பாடுபட்டு 2007இல்தான் அதைச் செயற்கையாக ஆக்கியது. வேம்பு ஒவ்வோர் ஆடியிலும் ஓசையின்றிச் செய்கிற வேலை!

அசாடிராக்டின் உடனே கொல்வதில்லை. வளரும் பூச்சி தோலுரிக்க வேண்டும். அதற்கு உத்தரவிடும் சுரப்பு ஒன்று அதன் உடலில் உண்டு. அசாடிராக்டின் அச்சுரப்பின் ஒழுங்கைக் குலைக்கிறது. தோலுரிக்க இயலாமல் பாதியில் நிற்கும்; பிழைத்ததும் முட்டை குறைவாக இடும். சிலந்திப் பேனும் முட்டையிலிருந்து ஆறு கால் குஞ்சாக வந்து, இரண்டு இளநிலைகளைக் கடந்து முதிர்கிறது. ஒவ்வொரு நிலை மாற்றத்திலும் தோலுரித்தாக வேண்டும். ஆயினும் தனி அசாடிராக்டின் மட்டும் பேன் மீது காட்டும் விளைவு ஆராய்ச்சிக்கு ஆராய்ச்சி வேறுபடுகிறது. எண்ணெயும் கசப்பும் எல்லாம் சேர்ந்த முழுச் சாறே பேனிடம் நன்கு வேலை செய்கிறது. எண்ணெய், பேனையும் முட்டையையும் போர்த்தி மூச்சை அடைக்கிறது. சோப்பு, எண்ணெயை நீரோடு இணைப்பதோடு, மெழுகுப் பூச்சுள்ள இலையிலும் உடலிலும் அது படரும்படி செய்கிறது. கசப்பும் வாடையும் பேனை அவ்விலையில் தங்கவொட்டாமல் விலக்குகின்றன. பூண்டு சேர்த்தால், அதை நசுக்கும்போது பிறக்கும் கந்தகப் பொருள்களும் துணை நிற்கும். நசுக்காத பூண்டில் அவை இல்லை. இரண்டு பொருள்கள் உடைந்து கலந்தால்தான் அவ்வாடை உண்டாகும். ஆதலால்தான் அரைத்த கையோடு உபயோகிக்கச் சொல்கிறார்கள்.

ஒரே பூட்டுக்கு ஒரே சாவி என்றால் கள்ளச்சாவி செய்துவிடலாம். ஐந்தாறு பூட்டுகளை ஒரு சேரப் போட்டால்? 1995இல் கனடாவில் நடந்த ஒரு சோதனை இதற்குச் சான்று. அசுவினிப் பூச்சிகளில் ஒரு கூட்டத்துக்குத் தூய அசாடிராக்டினும், மற்றொரு கூட்டத்துக்கு வேப்பங்கொட்டைச் சாறும் தலைமுறை தலைமுறையாகக் கொடுத்தனர். நாற்பது தலைமுறைக்குப் பின், தூய பொருளை உண்ட கூட்டம் ஒன்பது மடங்கு எதிர்ப்பாற்றல் பெற்றிருந்தது. சாற்றை உண்ட கூட்டம் அவ்வாறு பெறவில்லை. சோதனை அசுவினியில் நடந்தது, பேனில் அன்று. ஆயினும் நஞ்சுக்குப் பழகுவதில் கைதேர்ந்த பேனுக்கு இதுவே ஏற்ற முறை என்பது என் துணிபு.

குறைகளையும் சொல்லிவிட வேண்டும். வெயிலில் அசாடிராக்டின் சில நாளில் சிதைந்துபோகும். மழை வந்தால் கழுவிச் செல்லும். அடித்த மறுநாள் பார்த்தால் பேன் நடந்துகொண்டுதான் இருக்கும். பொறுமையற்றவர் மருந்து பொய் என்று கடைக்கு ஓடுவார். இலையின் அடிப்புறம் நனையாவிட்டால் உழைப்பு வீண். அளவு தெரியாமல் சோப்பைக் கொட்டி, உச்சி வெயிலில் தெளித்தால் இலை கருகும். இது வெண்டைப் பாத்திக்கு அடுத்த ஆண்டு நான் பெற்ற இரண்டாம் பாடம்.

இத்தனையும் ஏட்டளவில் இருந்த காலத்தில், எங்கள் வீட்டு வாசலுக்கே ஒரு பேன் வந்து சேர்ந்தது. 1998இல் கேரளத்தின் எர்ணாகுளம் மாவட்டத்து ஆம்பல்லூரில், தென்னங்குரும்பைகளில் ஒரு புதுநோய் காணப்பட்டது. அதற்கு முந்திய ஆண்டின் இறுதியில் இலங்கையின் கற்பிட்டிப் பக்கத்தில் கண்டிருந்தார்கள். காரணம், மெக்சிகோவின் குரேரோ மாநிலத்திலிருந்து கிடைத்த மாதிரியைக் கொண்டு 1965இல் கைஃபர் என்பவர் பெயரிட்ட ஈரியோபைட் என்னும் வகைப் பேன். மலையாளத்தில் மண்டரி என்றார்கள். சிலந்திப் பேனுக்கு இது ஒன்றுவிட்ட உறவு, கால்கள் நான்கே, நூல் பின்னாது, அதனினும் சிறியது. குரும்பையின் தொப்பி இதழ்களுக்கு அடியில் ஒளிந்துகொண்டு இளந்தசையை உறிஞ்சும். முதலில் வெண்மையான முக்கோணத் தழும்பு, பிறகு பழுப்பு நிறம், பிறகு வெடிப்பு. காய் சிறுத்துக் கோணும். காற்றே அதற்கு வாகனம். ஓரிரு ஆண்டில் எங்கள் விளைக்கும் வந்துவிட்டது.

எங்கள் தென்னையில் ஏறுகிற அண்ணன் ஒரு குலையை வெட்டி இறக்கி, “சாரே, இதை எவன் எடுப்பான்?” என்று கேட்டு நின்றது இன்னும் கண்ணில் நிற்கிறது. வியாபாரி இரண்டு காயை ஒன்றாக எண்ணினார். கதம்பையை உரிப்பது கடினம், நாரும் குறைவு. தேங்காயை நம்பி மகளுக்கு நாள் குறித்த வீடுகள் பக்கத்தில் இருந்தன.

அந்நாளில் சொல்லப்பட்ட மருந்துகளில் டைக்கோஃபால் ஒன்று. அது டி.டி.டி.யிலிருந்து செய்யப்படுவது, 2019இல் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் ஒழிக்கத்தக்க பொருள்கள் பட்டியலில் இடம்பெற்றது. குடிநீர்க் கிணற்றுக்கு மேல் நிற்கும் தென்னையில் ஆண்டுக்கு மூன்று முறை அதைத் தெளிப்பது எப்படி? காசர்கோட்டிலுள்ள மத்திய தோட்டப்பயிர் ஆராய்ச்சி நிலையம் மற்றொரு வழியையும் பரிந்துரைத்தது. பத்து லிட்டர் நீருக்கு வேப்பெண்ணெய் 200 மில்லி, பூண்டு 200 கிராம், சோப்பு 50 கிராம். பூண்டை அரைத்துப் பிழிந்து, சோப்பைக் கரைத்து, எண்ணெயைச் சிறுகச் சிறுகக் கலக்கி, இளங்குலைகளில் படும்படி தெளிப்பது. எங்கள் விளையில் அம்மையும் என் மனைவியும் பூண்டு அரைத்தார்கள். வீடு முழுதும் ஒரு வாரம் ஊறுகாய் மணம். பேன் தொப்பிக்கு அடியில் இருப்பதால் மருந்து முழுதாய் எட்டாது. மரத்துக்கு மரம் ஏறக் கூலி வேறு. ஆயினும் அடுத்த குலைகளில் தழும்பு குறைந்தது. அடிக்காத அயல் விளையிலும் சில ஆண்டுகளில் கடுமை தணிந்தது என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். வேட்டைப் பேன்களும், பேனைப் பிடிக்கும் ஒரு வகைப் பூஞ்சையும் குரும்பைகளில் குடியேறிக் கொண்டன. அவர்கள் வந்து சேரும்வரை அவர்களைக் கொல்லாமல் நாள் கடத்த எங்களுக்கு உதவியது அந்தக் கசப்பு நீர்.

வேம்பின் மதிப்பு வெளிநாட்டாருக்கும் தெரிந்திருந்தது. வேப்பெண்ணெயால் பூஞ்சையை அடக்கும் முறைக்கு ஓர் அமெரிக்கக் கம்பெனியும் அந்நாட்டு வேளாண் துறையும் 1994இல் ஐரோப்பியக் காப்புரிமை பெற்றன. வந்தனா சிவா முதலியோர் வழக்காடினர். 2000இல் அவ்வுரிமை நீக்கப்பட்டது. 2005இல் மேல்முறையீடும் தள்ளுபடியாயிற்று.

மரச்சீனிக்கும் காய்கறிக்கும் ஏற்றது வேப்பங்கொட்டைச் சாறு. ஆனி, ஆடியில் பொறுக்கி நிழலில் உலர்த்திய கொட்டையின் பருப்பு. மூன்று மாதத்துக்குக் குறையாமலும் எட்டு மாதத்துக்கு மேற்படாமலும் வைத்திருந்தது நன்று. ஒரு லிட்டருக்கு 50 கிராம் என்ற கணக்கில் இடித்து, சிறிது நீரில் இரவு முழுதும் ஊறவைத்து, துணியில் வடித்து, மீதி நீரும் லிட்டருக்கு இரண்டு கிராம் சோப்பும் சேர்த்து, மாலையில் இலையின் அடிப்புறம் நனையத் தெளிக்க வேண்டும். அதற்கும் முன்னால் செய்ய வேண்டியது ஒன்றுண்டு. பேன் கண்ட மரச்சீனிக்குப் பத்து நாளுக்கு ஒரு முறை, இலை நனைந்து சொட்டும்படி வெறுந்தண்ணீரைத் தெளிக்கச் சொல்கிறார்கள் கேரளத்து ஆராய்ச்சியாளர்கள். கோடை மழை செய்கிற வேலையை நாமே செய்வதுதான்.

வெண்டைப் பாத்தியில் கேள்வி கேட்ட அந்தப் பையனுக்கு இப்போது தலை நரைத்துவிட்டது. ஊரிலேயே மரச்சீனியும் வாழையும் பயிரிடுகிறான். சென்ற பங்குனியில் ஓர் இலையைக் காகிதத்தில் மடித்துக் கொண்டுவந்து என் மேசைமேல் விரித்தான். பழைய உருப்பெருக்கிக் கண்ணாடியை எடுத்துக் குனிந்து பார்த்தேன். செம்புள்ளிகள் சில நடந்துகொண்டிருந்தன. அவற்றிடையே, கடுகில் பாதி அளவில், கறுப்பாக ஒன்று அசைந்தது. “தண்ணி மட்டும் ரெண்டு தடவை அடிச்சேன் சாரே. கொட்டை ஊறப் போட்டிருக்கேன். ஆனா இந்தக் கறுப்பு வண்டு வந்திருக்கிறதால இன்னும் நாலு நாள் பாக்கலாமான்னு கேக்க வந்தேன்” என்றான். பார்க்கலாம் என்றேன்.